பலிபீடமும் ஊர்வாசலும்: இளைஞர்க்குத் தீர்க்கதரிசிகளைக் கற்பித்தல்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பதினான்கு, பதினைந்து வயதுள்ள பதினொரு பிள்ளைகள் வந்திருந்தனர். அன்றைய பாடம் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரம். ஆண்டுதோறும் கற்பித்துப் பழகிய பாடமாதலால் நான் அதிகமாக ஆயத்தம் செய்யவில்லை. இஸ்ரவேலர் வெளிச்சடங்குகளில் மூழ்கிக் கிடந்தனர் என்றும், தேவனோ உள்ளத்தைப் பார்க்கிறவர் என்றும், ஆகவே நாம் மனப்பூர்வமாக ஆராதிக்க வேண்டும் என்றும் கூறி முடித்தேன். கேள்வி உண்டா என்று வினவினேன். வழக்கமாக எவரும் வாய் திறப்பதில்லை. அன்று ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, போன அறுப்பில் எங்கள் அப்பாவுக்கு வரவேண்டிய கூலி இன்னும் வரவில்லை. தரவேண்டியவர் நம் கோயிலில் பாடம் வாசிக்கிறவர்தான். அவர் மனதார வாசித்தால் அது சரியாகிவிடுமா?” என்று கேட்டாள்.

அவள் துடுக்காகப் பேசவில்லை. அறிய விரும்பியே கேட்டாள். நான் கற்பித்த பாடத்தின்படி அவளுக்கு விடை கூற முயன்றேன், இயலவில்லை. உள்ளத்தின் உண்மையே தேவன் கேட்பது என்றால், அந்த வாசகர் உண்மையான பக்தியுடன் வாசிக்கிறவரே. அவர் குரல் தழுதழுப்பதை நானே கேட்டிருக்கிறேன். எனவே என் பாடம் அவருக்கு விடுதலையும் அந்தக் கூலியாளுக்கு ஏமாற்றமும் அளிக்கும் பாடமாகவே இருந்தது. ஆமோஸ் சொன்னது அதுவன்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வேறொன்றைக் கற்பித்துவந்தேன். “அடுத்த வாரம் பேசுவோம்” என்று கூறி ஜெபத்துடன் வகுப்பை முடித்தேன்.

நம்மில் பலர் இப்பாடத்தை இவ்வாறே கற்பித்துவருகிறோம் என்று அஞ்சுகிறேன். எனவே, எபிரேயத் தீர்க்கதரிசிகள் வழிபாட்டைக் கண்டித்தபோது உண்மையில் எதைக் கண்டித்தனர் என்பதையும், வளரிளம் பருவத்தினர்க்கு அதை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. ஆமோஸ் பேசிய காலமும் இடமும்

ஆமோஸ் எருசலேமுக்குத் தெற்கே, பெத்லகேமுக்கும் அப்பாலுள்ள தெக்கோவா ஊரினர். மந்தை மேய்த்தலும் காட்டத்திப் பழம் பண்படுத்தலும் அவருடைய தொழில் (7:14). யூதாவிலிருந்து எல்லை கடந்து வட நாட்டின் பெத்தேலுக்குச் சென்று பேசினார். அக்காலத்தில் வட நாட்டை ஆண்டவன் இரண்டாம் யெரொபெயாம். அவனுடைய ஆட்சி ஏறத்தாழ கி.மு. 786 முதல் 746 வரை நீடித்தது. போர்களில் வெற்றியும் வணிகத்தில் செழிப்பும் நிலவிய காலம் அது. ஆராதனைக்கும் குறைவில்லை. பெத்தேல், கில்கால், பெயெர்செபா ஆகிய தலங்களுக்கு மக்கள் திரளாகச் சென்றனர், தசமபாகமும் ஸ்தோத்திர பலியும் தவறாது செலுத்தினர் (4:4,5, 5:5).

அக்காலச் செழிப்புக்கு மண்ணே சாட்சி கூறுகிறது. 1910ஆம் ஆண்டில் சமாரியாவில் அகழ்ந்தவர்கள், எழுத்துப் பொறித்த மட்பாண்ட ஓடுகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். இன்ன ஊரிலிருந்து இன்னாருக்குப் பழைய திராட்சரசமும் சுத்த எண்ணெயும் வந்தன என்று குறிக்கும் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கணக்குச் சீட்டுகள் அவை. 1930களில் அங்கே நடந்த அகழ்வில் தந்த வேலைப்பாடுகளின் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தந்தக் கட்டில்களில் சாய்ந்து, கிண்ணங்களில் மது அருந்தி, உயர்ந்த தைலம் பூசிக்கொண்டோரை ஆமோஸ் சாடும்போது (6:4-6) அவர் மிகைப்படக் கூறவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

இச்செழிப்பின் மறுபக்கம் யாது? மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் தானியமென்று விற்றனர். பண்டிகை எப்பொழுது முடியும், கடை எப்பொழுது திறக்கலாம் என்று காத்திருந்தனர். ஏழையை ஒரு ஜோடு பாதரட்சையின் விலைக்கு வாங்கினர் (8:4-6). அடைமானமாகப் பெற்ற ஆடைகளைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்தனர் (2:8). இவ்வொரு வசனத்தில் ஆமோசின் முறையீடு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றால் சூரியன் அஸ்தமிக்குமுன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய கட்டளை (யாத்திராகமம் 22:26,27). இரவில் அவனுக்குப் போர்வை அது ஒன்றே. அந்தப் போர்வை இப்பொழுது ஆலயத்தில், பக்தனுக்குக் கீழே விரிப்பாகக் கிடக்கிறது. அந்தப் பக்தன் மனப்பூர்வமாகவே ஜெபித்திருக்கக் கூடும். போர்வைக்கு உரியவனோ வெளியே குளிரில் இருக்கிறான்.

2. வெளிச்சடங்கா, உள்ளுணர்வா?

ஆமோஸ் 5:21-23இல் தேவன் ஏற்க மறுப்பவை ஏழு: பண்டிகைகள், சபைக்கூட்டங்கள், தகனபலிகள், போஜனபலிகள், கொழுத்த மிருகங்களின் சமாதானபலிகள், பாட்டுகள், வாத்திய இசை. இவற்றுள் முதல் ஐந்தையும் பழைய உடன்படிக்கைக்குரியவை என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடலாம். பாட்டையும் இசையையும் அவ்வாறு ஒதுக்க இயலுமா? நம் ஆராதனையின் பெரும்பகுதி அவைதாமே! ஏசாயாவோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பலி, தூபம், மாதப்பிறப்பு, ஓய்வுநாள் என்று அடுக்கிவந்து, இறுதியில் ஜெபத்தையும் அதே வரிசையில் சேர்க்கிறார் (1:11-15). விரித்த கைகளைத் தேவன் பார்க்க மறுப்பதன் காரணம், அக்கைகளில் இரத்தம் இருப்பதே.

சடங்கு வெளியே உள்ளது, ஜெபம் உள்ளத்தில் பிறப்பது. ஆகவே சடங்கு தள்ளப்படும், ஜெபம் ஏற்கப்படும் என்னும் நம் வழக்கமான பாகுபாட்டைத் தீர்க்கதரிசிகள் அறியார். அவர்கள் வகுத்த கோடு வெளிக்கும் உள்ளுக்கும் இடையே செல்லவில்லை. தேவனிடம் செல்லும் கையும் அயலானிடம் செல்லும் கையும் ஒன்றே என்பதே அவர்களுடைய அடிப்படை. ஏசாயா அடுத்து ஒன்பது ஏவல்களைக் கூறுகிறார் (1:16,17). கழுவுதலில் தொடங்கும் அவ்வரிசை, திக்கற்ற பிள்ளைக்கு நியாயம் செய்தலிலும் விதவைக்காக வழக்காடுதலிலும் முடிகிறது. உணர்ச்சியைத் தூண்டிக்கொள்ளுமாறு ஓர் ஏவலும் அவற்றுள் இல்லை. நன்மை செய்யப் ‘படிக்க’ வேண்டும் என்றே அவர் கூறுகிறார். நியாயம் கற்றுக்கொள்ளப்பட வேண்டிய ஒன்று என்னும் இச்சொல்லைக் கற்பிப்போர் நாம் மறத்தலாகாது.

எனவே வெறுமையான வழிபாடு எது என்ற கேள்விக்கு என் விடையை இவ்வாறு அமைத்துக்கொண்டேன்: அயலான் விலக்கப்பட்ட வழிபாடே வெறுமையான வழிபாடு. உணர்ச்சி எவ்வளவு நிறைந்திருந்தாலும் அவ்வெறுமை நிரம்பாது.

3. தீர்க்கதரிசிகள் வழிபாட்டையே ஒழிக்க விரும்பினரா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேத ஆராய்ச்சியாளர் பலர், தீர்க்கதரிசிகளையும் ஆசாரியரையும் எதிரெதிர் முகாம்களில் நிறுத்தினர். 1878இல் வெளிவந்த வெல்ஹவுசனின் நூல் இப்போக்குக்கு வலிமை ஊட்டியது. தீர்க்கதரிசிகள் ஒழுக்க நெறியைப் போதித்தவர் என்றும், சடங்கு பிற்காலத்தில் வந்து நெறியை மூடியது என்றும் எண்ணும் மரபு அதனால் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டில் மோவின்கல், ஆபிரே ஜான்சன் முதலியோர், தீர்க்கதரிசனத்துக்கும் ஆலய வழிபாட்டுக்கும் இருந்த நெருங்கிய உறவை எடுத்துக்காட்டினர். அவர்களுடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும் பழைய பிரிவினை நிலைக்காது என்பது தெளிவு.

திருமறையே இதற்குச் சான்று. எரேமியா ஆனதோத்தின் ஆசாரியர் குடும்பத்தவர் (1:1). எசேக்கியேல் ஆசாரியர் (1:3). ஏசாயா தம் அழைப்பைப் பெற்றது ஆலயத்தில்; அவருடைய உதடுகளைத் தொட்ட நெருப்புத்தழல் எடுக்கப்பட்டது பலிபீடத்திலிருந்து (6:1-7). ஆமோசின் நூலிலும் கர்த்தருடைய குரல் சீயோனிலிருந்தே எழும்புகிறது (1:2). இவர்கள் ஆலயத்துக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் அல்லர்.

எபிரேய மொழிமரபு ஒன்றையும் மாணவர்க்கு விளக்குதல் நலம். ‘இது அன்று, அது’ என்று கூறி, ‘இதைவிட அது முதன்மையானது’ என்று உணர்த்துவது அம்மொழியின் வழக்கம். யோசேப்பு தன்னை எகிப்துக்கு அனுப்பியவர் சகோதரர் அல்லர், தேவனே என்கிறான் (ஆதியாகமம் 45:8). சகோதரர் அவனை விற்றது பொய்யாகிவிடவில்லை. ஓசியா 6:6இன் முற்பகுதி பலியை மறுப்பதுபோல் தோன்றினும், அதற்கு இணையான பிற்பகுதி ‘அதைப் பார்க்கிலும்’ என்றே ஒப்பிடுகிறது. நம் ஆண்டவர் இவ்வசனத்தை இருமுறை எடுத்தாண்டார் என்று மத்தேயு கூறுகிறார் (9:13, 12:7). அவ்வாண்டவரே காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலாவது சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்துமாறு கற்பித்தார் (மத்தேயு 5:23,24). காணிக்கை விலக்கப்படவில்லை; அது காத்திருக்கிறது.

மேலும், நியாயத்தை நினைவூட்டும் சடங்குகளும் இஸ்ரவேலில் இருந்தன. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருபவன், தன் முன்னோர் எகிப்தில் ஒடுக்கப்பட்ட வரலாற்றை வாயால் அறிக்கையிட வேண்டும். பின்பு லேவியனோடும் தன்னிடம் தங்கியுள்ள அந்நியனோடும் சேர்ந்து மகிழ வேண்டும் (உபாகமம் 26:1-11). அச்சடங்கில் அயலானுக்கு இடம் வகுக்கப்பட்டுள்ளது. அவ்விடத்தைக் காலியாக்கிவிட்டுக் கூடையை மட்டும் கொண்டுவந்தவர்களையே தீர்க்கதரிசிகள் கண்டித்தனர்.

4. மூன்று சொற்களும் ஓர் இடமும்

இளைஞர்க்கு எபிரேயம் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் மூன்று சொற்களை அவர்கள் அறிந்திருத்தல் பயனுடையது. ‘மிஷ்பாத்’ என்பது நம் வேதாகமத்தில் நியாயம் எனப்படுவது. வழக்கில் வழங்கும் சரியான தீர்ப்பையும், ஒருவனுக்குச் சேரவேண்டிய உரிமையையும் குறிக்கும். ‘செதாக்கா’ என்பது நீதி. உறவில் தன் கடமை தவறாது நிற்றல். ‘ஹெசெத்’ என்பதை நாம் இரக்கம் என்கிறோம். உடன்படிக்கை உறவில் மாறாத பற்றுறுதி என்பது அதன் விரிந்த பொருள். மீகா 6:8இல் நியாயமும் ஹெசெத்தும் தாழ்மையான நடையும் சேர்ந்து வருகின்றன. அவ்வசனத்துக்கு முன், தேவனைப் பிரியப்படுத்த விரும்பும் ஒருவன் தன் காணிக்கையை ஏலம் கூறுவதுபோல் உயர்த்திக்கொண்டே செல்கிறான்: கன்றுக்குட்டிகள், ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்கள், எண்ணெய் ஆறுகள், இறுதியில் தன் தலைப்பிள்ளை (6:6,7). அவனுடைய பக்தியின் தீவிரத்தில் ஐயமில்லை. ஆனால் கேட்கப்படாததையெல்லாம் கொடுக்க முன்வருகிறவன், கேட்கப்பட்டதைக் கொடுக்கவில்லை.

இச்சொற்கள் வழங்கிய இடம் ஊர்வாசல். கோட்டை வாசலின் அறைகளில் மூப்பர்கள் அமர்ந்து வழக்குகளைக் கேட்டனர். தாண், கேசேர் முதலிய இடங்களின் அகழ்வில் வாசலையொட்டிய கல் இருக்கைகளை இன்றும் காணலாம். வாசலில் கண்டிக்கிறவனைப் பகைக்கிறார்கள், வாசலில் எளியவனைப் புறக்கணிக்கிறார்கள் என்று முறையிடும் ஆமோஸ், வாசலில் நியாயத்தை நிலைநிறுத்துமாறு வேண்டுகிறார் (5:10,12,15). இவ்வசனங்களுக்குப் பின்னரே பண்டிகைகளை வெறுக்கும் பகுதி வருகிறது. நாமோ முன்பகுதியை விட்டுவிட்டு 5:21இல் தொடங்குகிறோம். ஊர்வாசலை மறந்து பலிபீடத்தைப் பற்றி மட்டும் பேசினால், பாடம் சடங்கைப் பற்றிய பாடமாகக் குறுகிவிடுகிறது.

5. ஓர் அறுவடைக்காரனின் மனு

இப்பாடத்துக்கு மிகவும் துணைசெய்யும் ஓர் ஓடு 1960ஆம் ஆண்டில் கிடைத்தது. மத்தியதரைக் கடற்கரையில், யாப்னே-யாம் அருகே, மெசாத் ஹஷவ்யாகு என்னும் சிறு கோட்டையின் வாசற்பகுதியில் யோசேப்பு நவே என்னும் அறிஞர் அதைக் கண்டெடுத்தார். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பொதுவாக யோசியா அரசனின் காலத்தது என்பர். மையால் எபிரேயத்தில் எழுதப்பட்ட அது, அறுப்பு வேலை செய்யும் ஒருவன் ஆளுநனுக்கு விடுத்த மனு.

தான் அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்து வேலையை முடித்துவிட்டதாகவும், அதன் பின்னர் சோபாயின் மகன் ஒஷாயாகு வந்து தன் ஆடையை எடுத்துக்கொண்டதாகவும் அவன் முறையிடுகிறான். வெயிலில் தன்னோடு அறுத்த தோழர்கள் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். தான் குற்றமற்றவன் என்றும், ஆடையைத் திருப்பித் தரச் செய்யுமாறும் வேண்டுகிறான்.

அந்தச் சிறு ஓட்டில், மூன்று செய்திகளைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பதைக் கண்டிருக்கிறேன். முதலாவது, ஆடையை எடுத்தவனின் பெயர் உள்ளது. மனு செய்தவனின் பெயர் இல்லை. அவன் தன்னை ‘உம் ஊழியன்’ என்றே குறிப்பிடுகிறான். இரண்டாவது, ஒஷாயாகு என்னும் பெயருக்குக் ‘கர்த்தர் இரட்சித்தார்’ என்பது பொருள். ஆண்டவருடைய பெயரைச் சுமந்தவனே ஆடையைப் பறித்தான். மூன்றாவது, ஆளுநன் என்ன செய்தான் என்பதை ஓடு கூறவில்லை. அக்கேள்வி படிப்பவர்முன் அப்படியே நிற்கிறது.

ஆமோசுக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பின்னர் எழுதப்பட்ட மனு இது. ஆடையைப் பற்றிய முறையீடு மட்டும் மாறவில்லை. ஏறத்தாழ இதே காலத்தில்தான், அயலானிடம் வேலை வாங்கிக் கூலி கொடாமல் மாளிகை கட்டிய யோயாக்கீமை எரேமியா கண்டித்தார் (22:13-17). அங்கே அவர் யோயாக்கீமின் தகப்பனாகிய யோசியாவை நினைவூட்டி, ஏழையின் வழக்கை விசாரித்த அவனுடைய செயலையே தேவனை அறிகிற அறிவு என்கிறார்.

6. இரு தவறுகளுக்கு எச்சரிக்கை

இப்பாடத்தை ‘யூதரின் வெறும் சடங்கு, நம்முடைய மெய்யான விசுவாசம்’ என்று கற்பிப்பது முதலாவது தவறு. கண்டித்தவர்களும் யூத மரபின் முன்னோரே. அக்கண்டனங்களைப் பாதுகாத்து, பரிசுத்த எழுத்துகளாக நமக்கு அளித்தவர்களும் அம்மக்களே. தங்களுக்கு எதிரான சாட்சியத்தை இவ்வளவு கவனமாகப் பேணிய சமுதாயம் அரிது. இன்றும் பாவநிவாரண நாளின் காலை ஆராதனையில், யூத ஜெப ஆலயங்களில் ஏசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. மக்கள் உபவாசமிருக்கும் அந்நாளிலேயே, உபவாச நாளில் வேலையாட்களை ஒடுக்குகிறவர்களின் உபவாசத்தைத் தேவன் ஏற்கார் என்னும் பகுதி ஒலிக்கிறது. ஆலய அழிவை நினைந்து துக்கிக்கும் ஆபு மாதம் ஒன்பதாம் நாளுக்கு முந்திய ஓய்வுநாளில், ஏசாயாவின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. பதின்மூன்று வயதடைந்த யூதச் சிறுவன் சபையின் முன் நின்று தீர்க்கதரிசிகளின் பகுதியை வாசிப்பது வழக்கம். நம் பிள்ளைகள் திடப்படுத்தல் பெறும் வயதும் ஏறத்தாழ அதுவே. வழிபாட்டின் நடுவிலேயே வழிபாட்டைச் சோதிக்கும் வார்த்தையை வாசிக்கும் அம்மரபிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பிற சமயத்தாரின் வழிபாட்டை இகழ்வதற்கும் இப்பகுதிகளைக் கருவியாக்குதல் தகாது. தீர்க்கதரிசிகள் தம் சொந்த மக்களையே முதன்மையாகக் கண்டித்தனர்.

பிள்ளைகளைப் பிறருக்கு நியாயாதிபதிகளாக்கிவிடுவது இரண்டாவது தவறு. பெரியோரின் மாய்மாலத்தைக் கண்டுபிடிப்பதில் இவ்வயதினர் வல்லவர்கள். அவ்வாற்றலை நாம் இகழக் கூடாது; அதில் உண்மை உண்டு. எனினும் பிறரைச் சுட்டுவதோடு பாடம் நின்றுவிட்டால், அவர்கள் சில ஆண்டுகளில் ஆலயத்தை விட்டே விலகி, விலகியதையே நீதியென்று எண்ணிக்கொள்வர். தம் வீட்டில் பாத்திரம் கழுவும் அம்மாளை அவர்கள் எவ்வாறு அழைக்கிறார்கள், வகுப்பில் எவரை ஒதுக்கி உட்காரவைக்கிறார்கள், தேர்வில் எவ்வாறு எழுதுகிறார்கள் என்பனவும் அவர்களுடைய ஊர்வாசல்களே.

7. நான்கு வாரப் பாடமுறை

பின்வரும் ஒழுங்கு பயனளித்தது. உடன் ஊழியர் தத்தம் சேகரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வாரம்: ஆமோஸ் 8:4-6, 2:6-8, 5:10-15 ஆகியவற்றை முதலிலும், 5:21-24ஐ இறுதியிலும் வாசிக்க வேண்டும். வாசிக்குமுன், நம் ஆராதனையில் இடம்பெறுவனவற்றைப் பிள்ளைகளே ஏழாகப் பட்டியலிடட்டும். பின்னர் ஆமோசின் ஏழுக்குப் பதிலாகத் தங்கள் ஏழையும் வைத்து வாசிக்கட்டும். அப்பொழுது உண்டாகும் அமைதியை ஆசிரியர் விளக்கவுரையால் கலைக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம்: அறுவடைக்காரனின் மனு. பிள்ளைகள் மூப்பர், மனுதாரன், ஒஷாயாகு, சாட்சிகள் எனப் பிரிந்து வழக்கை நடத்தட்டும். யாத்திராகமம் 22, உபாகமம் 24ஆம் அதிகாரங்களின் கட்டளைகளே சட்டநூல். ஒஷாயாகுவின் பக்கம் பேசுபவனுக்கும் தக்க வாய்ப்பு அளிக்க வேண்டும். அநீதி பெரும்பாலும் காரணத்தோடுதான் வரும் என்பதை அவர்கள் அறிதல் நன்று.

மூன்றாம் வாரம்: எரேமியா 1, 7, 26ஆம் அதிகாரங்கள். எரேமியா அழைக்கப்பட்டபோது தன்னைச் சிறுபிள்ளை என்றார் (1:6). யோயாக்கீம் ஆட்சியின் தொடக்கத்தில், ஏறத்தாழ கி.மு. 609இல், ஆலய முற்றத்தில் நின்று, ஆலயத்தின் பெயரை மும்முறை கூறுவதால் பாதுகாப்பு வராது என்றார். சீலோவின் கதியை நினைவூட்டினார். அவரைக் கொல்லத் தேடியவர்களுள் ஆசாரியரும் இருந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் மீகா கூறியதை மூப்பர் சிலர் எடுத்துக்காட்டினர் (26:17-19). அகீக்காம் அவருக்குத் துணைநின்றான். அவரைப்போலவே பேசிய உரியாவோ எகிப்திலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டான் (26:20-24). உண்மை பேசியவர் எல்லாரும் தப்புவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கலாகாது. உரியாவைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளே இவ்வாரத்தின் சிறந்த பகுதி.

நான்காம் வாரம்: ஏசாயா 58ஆம் அதிகாரமும் 1 கொரிந்தியர் 11:17-34ம். கொரிந்து சபையில் சிலர் வயிறார உண்டனர், சிலர் பசியாயிருந்தனர். அது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்றார் பவுல். ஆயினும் அவர் பந்தியை நிறுத்திவிடவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி கற்பித்தார். திருவிருந்துக்கு முதன்முறையாக வரவிருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயத்தம் வேறொன்றை நான் அறியேன். ‘சடங்கு வெறுமையானால் நாங்கள் ஏன் ஆலயத்துக்கு வரவேண்டும்?’ என்னும் அவர்களுடைய கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. காத்திருக்கக் கற்கும் இடம் பந்தி. பக்கத்தில் நிற்பவன் யாரென்று அறிந்துகொள்ளும் இடமும் அதுவே. வராதவனுக்கு அவ்வார்த்தை எட்டாது.

ஏழைக்குக் கிறிஸ்துமஸ் நாளில் அரிசி வழங்குதல் போன்ற ஒரு செயல்திட்டத்தோடு இப்பாடங்களை முடித்துவிட வேண்டாம். ஈகை நல்லது. ஆனால் கூலி வேறு, ஈகை வேறு. கொடுக்கவேண்டியதை நிறுத்திவைத்து, அதில் ஒரு பங்கைத் தானமாக வழங்குகிறவனை மீகாவின் ஏலக்காரனோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

முடிவுரை

அச்சிறுமிக்கு நான் கூறிய ‘அடுத்த வாரம்’ மூன்று வாரங்களாயிற்று. அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசகர் சேகரத்தில் செல்வாக்குள்ளவர். பண்டிகை ஏலத்தில் ஆண்டுதோறும் உயர்ந்த விலை கேட்பவர். பண்டிகை முடியட்டும், பிறகு பேசலாம் என்று எண்ணினேன். எட்டாம் அதிகாரத்தை மறுபடி வாசித்த இரவில், பண்டிகை எப்பொழுது முடியும் என்று காத்திருந்தவர்களின் வரிசையில் நானும் நிற்பதை உணர்ந்தேன். அவர்கள் கடை திறக்கக் காத்திருந்தனர். நான் வாய் திறக்கக் காத்திருந்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து, வகுப்பையும் சிறுமியையும் குறிப்பிடாமல், கூலியைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் சினந்தார்; கணக்கு வேறு என்றார்; வெகுநேரம் பேசாதிருந்தார். பண்டிகைக்கு முந்திய வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு அவர் ஏலத்துக்கு வரவில்லை. பண்டிகை வருமானம் குறைந்தது. சேகரக் குழுவில் அதைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டனர். சில மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் பாடம் வாசிக்க வந்தார். அன்று அவருக்குக் குறிக்கப்பட்டிருந்த பகுதியை நான் மாற்றவில்லை.

தீர்க்கதரிசிகளைக் கற்பிக்கும் ஆசிரியர் பாடத்துக்கு வெளியே நிற்க இயலாது. நாமே ஆலயத்தின் பணியாளர்கள். நம் பிழைப்பும் காணிக்கையிலிருந்தே வருகிறது. பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியாவுக்கும் நிலைமை அதுவே. அவன் ஆமோசைப் பொய்யனென்று கூறவில்லை. இது ராஜாவின் ஸ்தலம், வேறெங்காவது சென்று பேசு என்றான் (7:12,13). நம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்போது, ‘அடுத்த வாரம்’ என்று நாம் சொல்வதும் அத்தகைய பேச்சே. அப்பிள்ளையை உட்காரச் சொல்லாமல் கேட்போமாக. பின்பு எழுந்து, அவள் சுட்டிய வீட்டுக்குச் செல்வோமாக.